சிப்பிப்பாறை நாய்க்கு எந்த வயசுல எவ்ளோ ஓட்டம் வேணும்

நம்ம நாரோயில் (நாகர்கோவில்) பக்கம் வெள்ளன ரோட்டுக்கு வந்தா பாத்திருப்பீங்க, ஒரு கையில பைக் ஹேண்டில், மறு கையில பெல்ட்டு, பின்னால சிப்பிப்பாறை நாக்க தொங்கப்போட்டு ஓடிட்டு வரும். "ஓடுற சாதிதானே, ஓடட்டும்"னு நெனைக்காவ. ஆனா இது முயல வெரட்டுறதுக்கு வளத்த சாதி, கண்ணுல ஏதாவது பட்டா ஒரே பாய்ச்சல், ரெண்டு மூணு நிமிஷத்துல மூச்சு வாங்க நின்னுரும், பொறவு நாள் பூரா சுருண்டு படுத்து தூக்கம்தான். தார் ரோட்டுல கிலோமீட்டர் கணக்கா ஒரே வேகத்துல இழுத்துட்டு போறது அதுக்கு சரிப்படாது, களைப்பாகி நிக்கணும்னு தோணுனாலும் வண்டி பின்னால நிக்க முடியாதுல்லா, அங்கதான் பிரச்சனையே. (முயல் வேட்டைக்குன்னு யாராவது கூப்டா போயிராதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல கேஸ் ஆயிரும்.)

குட்டி ரெண்டு மாசத்துல வந்தா தடுப்பூசி எல்லாம் முடியுற வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட நாலு மாசம் வரை, தெருவுல எறக்க வேண்டாம், பார்வோ (வாந்தி பேதி வர்ற வைரஸ் நோய்) வந்தா குட்டி தேறுறது ரொம்ப கஷ்டம். வீட்டு முத்தத்துல மண்ணுல அதுவா ஓடி வெளையாடுறது போதும். ஆனா பூட்டியே வைக்கவும் கூடாது, தூக்கிட்டு போயி பஸ் சத்தம், கோழி, ஆடு, மனுசங்க எல்லாத்தையும் காட்டுங்க. அப்புறம் லீஷ்ல நடக்க ஆரம்பிச்சா ஒரு மாச வயசுக்கு அஞ்சு நிமிஷம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, நாலு மாசத்துக்கு 20 நிமிஷம். அது கல்லுல செதுக்குன சட்டம் ஒண்ணும் இல்ல, ஆனா மனசுல வச்சிக்கிட்டா அளவு தப்பாது.

ரொம்ப கவனமா இருக்க வேண்டியது ஆறு மாசத்துல இருந்து ஒன்றரை வயசு வரைக்கும். பாக்க பெரிய நாய் மாதிரி வளந்து நிக்கும், காலு மட்டும் நீளமா, ஆனா எலும்போட நுனியில வளருற பகுதி இன்னும் மூடியிருக்காது, இந்த சைஸ் நாய்க்கு அது முழுசா முடிய ஒரு வயசு தாண்டும். அதனால பைக் ஓட்டம், ஒசரத்துல இருந்து குதிக்க வைக்கிறது, மாடிப்படியில ஏத்தி எறக்குறது எதுவும் வேண்டாம். அதே நேரம் சேட்டையும் இந்த வயசுலதான் உச்சத்துல இருக்கும், கூப்டா திரும்பிக்கூட பாக்காது, செருப்பு ஒண்ணும் மிஞ்சாது. ஒரு மூங்கில் கம்பு நுனியில கயிறு கட்டி அதுல பழைய சாரத்துத் (லுங்கி) துண்ட முடிஞ்சு தரையோட தரையா இழுங்க, வெரட்டிப் பிடிக்கட்டும், மேல தூக்கி குதிக்க வைக்காதீங்க, பட்டுனு திருப்பவும் செய்யாதீங்க. அஞ்சு நிமிஷத்துல ஆளு அடங்கிருவான். கூப்டா வர்றதுக்கும் இப்பவே பழக்கணும், வந்தா தின்ன குடுங்க, லேட்டா வந்தாலும் அடிக்காதீங்க, அடிச்சா அடுத்த தடவ வரவே வராது.

பெரிய நாய்க்கு காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு அரை மணி நேர நடை, நடுவுல வாரத்துக்கு மூணு நாலு தடவ அவுத்து விட்டு ஒரு நல்ல ஓட்டம், அவ்ளோதான். அவுத்து விடுற எடம்தான் முக்கியம். கும்பப்பூ நெல்லு அறுத்த பொறவு மாசி பங்குனில வயலு காலியா கெடக்கும், வயல்காரர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு விடலாம், ஆனா அறுத்த தாளு பாதத்துல குத்தும், வந்ததும் காலப் பாருங்க. சுத்தி மதிலு உள்ள தெங்குவிளை இருந்தா இன்னும் நல்லது. மதிலு இல்லாத எடத்துல மயிலோ ஆடோ கண்ணுல பட்டா நீங்க கூப்புடுறது காதுலயே விழாது. சாதா பெல்ட்டும் வேண்டாம், தல சின்னது, பின்னால இழுத்தா உருவிட்டு போயிரும், இழுத்தா இறுகுற மார்டிங்கேல் பெல்ட்டு வாங்குங்க.

சொத்தவிளை மாதிரி பீச்சுக்கு கூட்டிட்டு போனா தண்ணி பட்ட கெட்டி மணல்ல ஓட விடுங்க, லூசு மணல் தசைய இழுத்துரும். கள்ளக்கடல் (திடீர்னு பொங்கி கரையேறுற அலை) எச்சரிக்கை உள்ள அன்னைக்கு கடற்கரை பக்கமே போக வேண்டாம். கரமடி (கரையில நின்னு இழுக்குற வலை) இழுத்த எடத்துல வேண்டாம்னு ஒதுக்கிப்போட்ட மீனு கெடக்கும், அதுல பேத்தைங்கிற விஷ மீனு இருந்தா கடிச்ச நாய்க்கு உயிருக்கே ஆபத்து. கடல் தண்ணி குடிச்சாலும் வாந்தி பேதிதான், குடிக்க நல்ல தண்ணி கையோட கொண்டு போங்க.

வெயிலு ஏறுறதுக்குள்ள முடிச்சிரணும். பொறங்கைய தார்ல ஏழு செகண்ட் வைக்க முடியலன்னா நாயும் நடக்க முடியாது. ஈறு செவந்து, எச்சி கெட்டியாகி, தள்ளாடுனா நெழல்ல போட்டு சாதா தண்ணிய ஒடம்பெல்லாம் ஊத்தி விசிறிட்டே டாக்டர்ட்ட ஓடுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரம் ஓட்டம் கூடாது, நெஞ்சு ஆழமா உள்ள சாதி, வயிறு முறுக்கிக்கலாம்.

நமக்குதான் ரெண்டு மழையும் உண்டே. மழ விடாத நாளுல நாலஞ்சு செரட்டைய கவுத்து வச்சு ஒண்ணுக்கு அடியில மட்டும் வேகவச்ச கோழித்துண்ட ஒளிச்சு வைங்க, மோந்து மோந்து கண்டுபிடிச்சு முடிக்கதுக்குள்ள அசந்துரும். ரப்பர் விளைக்குள்ள போயிட்டு வந்தா காதுக்குள்ளயும் வெரலு இடுக்குலயும் உண்ணி, அட்டை இருக்கான்னு பாக்கணும். தேங்கின தண்ணில எறக்காதீங்க, எலிக்காய்ச்சல் ஊசி போட்டிருக்கான்னும் பாத்துக்கோங்க.

எட்டு வயசுக்கு மேல நீள நடைய ரெண்டு மூணு குட்டி நடையா பிரிச்சிருங்க. காலையில எந்திரிக்கும்போது கால் வெறச்சு நடந்தா கொஞ்சம் பைய தொடங்குங்க, டைல்ஸ் தரையில வழுக்கும், படுக்குற எடத்துல சாக்கு விரிச்சு போடுங்க. வெலா எலும்பு ரெண்டு மூணு தெரியுறதுதான் இந்த சாதிக்கு சரியான எடை, வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க "சோறே போடல்லியா"ன்னு கேப்பாவ, கேட்டுட்டு போறாவ. எலும்பு மறைஞ்சு போச்சுன்னா ஓட்டத்த கூட்டாதீங்க, சோத்த கொறைங்க. நொண்டல் ரெண்டு நாள் தாண்டுனா, இல்ல நடக்கும்போது புதுசா இருமுனா, வயசாயிருச்சுன்னு விட்டுராம டாக்டர்ட்ட காட்டிருங்க.