தோட்டத்து டேட்டாபேஸை வேறு சேர்வருக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செக்ரோல் (ஆட்களின் வேலைநாள், சம்பளப் பதிவேடு), கொழுந்து நிறுவை, முற்பணம், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எல்லாம் ஒரே மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருக்கும் தேயிலைத் தோட்ட ஒஃபீசில், சம்பளத்துக்கு முந்திய கிழமை சேர்வரைத் தொடவே வேண்டாம். சம்பளம் போட்ட மறுநாள் தொடங்குங்கள்.

பெரிய சேதம் எழுத்தில்தான் வரும். மைஎஸ்கியூஎல் 5.7 வரை இயல்பான குறிமுறை (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) லத்தீன்1, அதில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. பழைய மென்பொருள் பலதும் அதற்குள்ளேயே தமிழைத் திணித்து வைத்திருக்கும். போடுவதும் எடுப்பதும் ஒரே வழியில் நடப்பதால் திரையில் பெயர் சரியாகத் தெரியும். வழக்கம்போல் டம்ப் (முழு டேட்டாபேஸையும் ஒரே கோப்பாக எழுதிய நகல்) எடுத்துப் புதிய சேர்வரில் ஏற்றினால் குலைந்துவிடும். முதலிலேயே சோதியுங்கள்: பெயர் நிரலில் ‘கமலா’வுக்கு கேரக்டர் லென்த் (எழுத்துக் குறிகளின் எண்ணிக்கை) 4 வரவேண்டும். 12 வந்தால் லத்தீன்1 என்றே குறிப்பிட்டு, செட் நேம்ஸ் வரி (குறிமுறையை அறிவிக்கும் வரி) இல்லாமல் டம்ப் எடுங்கள். கோப்பில் அட்டவணைகளின் குறிமுறையை தமிழைத் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்கி, அதே குறிமுறையில் ஏற்றுங்கள். குலைந்த எழுத்தைப் பெரும்பாலும் மீட்கலாம், கேள்விக்குறியாகிவிட்ட பெயரை மீட்க முடியாது. ஓர் எழுத்துப் பிழைத்தாலே ஈபிஎஃப் காசுக்கு அலைய வேண்டியவர்களின் பெயர்கள் இவை.

அடுத்தது, வேலை நடக்கும்போதே டம்ப் எடுப்பது. சிங்கிள் டிரான்சாக்‌ஷன் என்ற டம்ப் தெரிவு இன்னோடிபி வகை அட்டவணைகளை மட்டுமே காக்கும், பழைய மைஐசாம் வகையைக் காக்காது. டம்புக்குப் பிறகு பழையதில் பதியும் நிறுவையும் புதியதில் இராது. அந்தி நிறுவை முடிந்ததும் பழையதை சூப்பர் ரீட் ஒன்லி (யாரும் எழுத முடியாத நிலை) ஆக்கிவிட்டே எடுங்கள். டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த கட்டளைகளில் ட்ரிகர்கள் மட்டும் டம்பில் தாமாக வரும். ரூட்டீன்களையும் இவென்ட்களையும் கேட்டு எடுக்கவேண்டும், பயனர் கணக்குகளைத் தனியாக உருவாக்கவேண்டும்.

பிறந்த திகதி தெரியாத ஆட்களுக்குப் பூச்சியங்களைப் போட்டிருப்பார்கள். டம்ப் சத்தமில்லாமல் ஏறும். பின்னொரு நாள் அட்டவணையை ஆல்டர் செய்யும்போது (அதன் அமைப்பை மாற்றும்போது) தடுக்கும். அந்தத் திகதிகளை முன்பே வெறுமையாக்குங்கள் (நல்).

வாடகை சேர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசியில் ஓடும். காலை 9:30 நிறுவை 4:00 என்று விழும். நேரவலயத்தை +05:30 ஆக்குங்கள்.

20 ஜிபி கோப்பை 10 எம்பிபிஎஸ் லைனில் அனுப்ப நாலரை மணித்தியாலம் போகும். இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து அனுப்ப நேரும். சுருக்கி, ஆர்சிங்க் என்ற கோப்பு அனுப்பும் கருவியில் பார்ஷியல் (விட்ட இடத்திலிருந்து தொடரும் தெரிவு) போட்டு அனுப்பி, இரு பக்கமும் கோப்பின் ஷா256 சரிபார்ப்புக் குறியீட்டை ஒப்பிடுங்கள்.

இன்ஃபர்மேஷன் ஸ்கீமா (மைஎஸ்கியூஎல் தன் அட்டவணைகளைப் பற்றி வைத்திருக்கும் விவரம்) காட்டும் நிரை எண்ணிக்கை இன்னோடிபியில் வெறும் மதிப்பீடுதான். கவுண்ட் போட்டே எண்ணுங்கள். டிவிஷன் வாரியாக மாதக் கொழுந்துக் கிலோவையும் முழுப்பேர், அரைப்பேர் (முழுநாள், அரைநாள் வேலைப் பதிவு) கூட்டுத்தொகைகளையும் இரண்டிலும் ஒத்துப் பாருங்கள். அடுத்த சம்பளம் புதிய சேர்வரில் சரியாக வந்து முடியும்வரை பழையதை அழிக்க வேண்டாம்.