காதுக்குப் பிடிபடாத ஆங்கிலம்: வகுப்பில் எங்கே தொடங்குவது?

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 8க்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கரும்பலகையில் எழுதினால் படித்துவிடும் பிள்ளைகள், ஒலிப்பதிவைப் போட்டால் திருதிருவென விழிக்கிறார்கள். சொல் தெரியாமல் இல்லை. பேச்சில் சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

தமிழ்ப் பாடத்துப் புணர்ச்சியிலிருந்தே தொடங்குங்கள். மரம், இல்லை என்பவை 'மரமில்லை' ஆவதைப் போலத்தான் 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' ஆகிறது. இதைச் சொன்னதும் பாதி பயம் போய்விடும்.

அப்புறம் அழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசைக்கு ஒரு கைதட்டு. 'ஃபடோக்ரஃபர்' என்றால் இரண்டாவதற்கு. அழுத்தம் நகர்ந்ததும் முதல் உயிரொலி மங்கி அகரம்போல் ஆவதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது 'கேன்' (முடியும்), 'கான்ட்' (முடியாது) இரண்டுக்கும். 'ஐ கேன் கம்' பேச்சில் 'ஐ கன் கம்' என்று சுருங்கும். 'ஐ கான்ட் கம்' என்பதில் கடைசி 'ட்' பெரும்பாலும் காதில் விழாது. ஆனால் 'கா' நீண்டு, அழுத்தமாக நிற்கும். ஆகவே 'ட்'டைத் தேடாமல் நெடிலைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் முதுகைத் திருப்பி நின்று மாற்றி மாற்றிச் சொல்ல, 'வர முடியும்' என்று கேட்டால் மட்டும் பிள்ளைகள் கை தூக்க வேண்டும்.

தகரக் கூரையில் மழை கொட்டும் நாளில் ஒலிப்பதிவு சரிவராது. அன்றைக்குக் கைதட்டுப் பயிற்சிதான். லண்டன்காரர் மாதிரி பேச வைக்கத் தேவையில்லை. நம் உச்சரிப்பு நம்முடையதாகவே இருக்கட்டும், கேட்டால் புரிய வேண்டும்.