கோடை விடுமுறையில் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போக நினைக்கும் அறிவியல் ஆசிரியருக்கு

பள்ளியில் அறிவியல் எடுக்கிற நம்மில் பெரும்பாலானோர் ஆராய்ச்சி செய்ததே இல்லை. பட்டம் வாங்கினோம், பயிற்சி முடித்தோம், வகுப்புக்கு வந்துவிட்டோம். விஞ்ஞானிகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அதை நாமே புத்தகத்தில் படித்துத்தான் சொல்கிறோம். நான் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கோடையில் ஆறு வாரம் ஒரு பல்கலைக்கழக உயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்த பிறகு என் வகுப்பே மாறிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஆசிரியர்களுக்காகவே நடத்தப்படும் திட்டங்கள். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆர்இடி (ஆசிரியர்களுக்கான ஆராய்ச்சி அனுபவம்) என்ற பெயரில் பல பல்கலைக்கழகங்களுக்கு நிதி கொடுக்கிறது. அங்குள்ள பள்ளி ஆசிரியர்கள் கோடையில் சில வாரங்கள் உதவித்தொகையோடு ஆய்வகத்தில் வேலை செய்யலாம். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கிய திட்டத்தில் ஒரு ஆசிரியர் அடுத்தடுத்து இரண்டு கோடைகள், ஒவ்வொன்றிலும் 8 வாரம், ஆய்வகத்தில் இருக்க வேண்டியிருந்தது. ஜெனீவாவில் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு மையம் 1998 முதல் பல நாட்டு ஆசிரியர்களை அழைத்துப் பயிற்சி நடத்துகிறது. ஆனால் அது பெரும்பாலும் விரிவுரையும் சுற்றிப் பார்ப்பதும்தான். இயற்பியல் எடுப்பவர்களுக்கு அருமையான அனுபவம், இருந்தாலும் நீங்களே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவது வேறு. எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். குடியுரிமை, பாடம், எந்த வகுப்புக்கு எடுப்பவர் என்ற நிபந்தனைகளை விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, அருகில் இருக்கும் பல்கலைக்கழகத்துப் பேராசிரியருக்கு நீங்களே எழுதுவது. திட்டம் எதுவும் இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் வழி, நான் போனதும் இப்படித்தான். பணம் கிடைக்காமல் போகலாம், அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு எழுதுங்கள். கோடைக்கு ஐந்தாறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். கடைசி மாதத்தில் எழுதினால் மேசையும் இருக்காது, உங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆளும் இருக்காது.

அந்த மின்னஞ்சலில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். ஒரே கடிதத்தை முப்பது பேருக்கு அனுப்புவது, இரண்டு பக்கத்துக்கு விருதுப் பட்டியல் போடுவது, 'உங்கள் மேலான வழிகாட்டுதலில்' என்று தொடங்குவது, இதெல்லாம் வேண்டாம். அவருடைய குழு சமீபத்தில் வெளியிட்ட ஒரு கட்டுரையை எடுத்துப் படியுங்கள். முழுக்கப் புரியாது, பரவாயில்லை. எது புரிந்தது, எது புரியவில்லை என்பதையே எழுதுங்கள். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

'பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். மண் பாக்டீரியா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்தது ஏன் என்பது புரிந்தது, டிஎன்ஏ பிரித்த முறை புரியவில்லை. கோடையில் ஆறு வாரம் முழுநேரமாக வர முடியும். ஆய்வகப் பயிற்சி இல்லை, கற்றுக்கொடுத்தால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைகளைப் பொறுமையாகச் செய்வேன்.'

அவ்வளவுதான். ஏழு பேருக்கு எழுதினேன், ஒவ்வொன்றும் தனித்தனியாக. இரண்டு பேர் பதில் போட்டார்கள், ஒருவர் வரச் சொன்னார். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சேர்ந்த பிறகு உங்களுக்கு உண்மையில் சொல்லிக்கொடுக்கப் போவது பேராசிரியர் இல்லை, அங்கே பிஎச்டி செய்யும் மாணவர். பெரும்பாலும் உங்களைவிட வயதில் சின்னவராக இருப்பார். வகுப்பில் கேள்வி கேட்டுப் பழகிய நமக்கு, தெரியாது என்று சொல்லி அவரிடம் கேட்பது முதல் வாரம் கஷ்டம்தான். கேளுங்கள். பாதுகாப்புப் பயிற்சி, மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டைப் பிடிப்பது, எந்தக் கழிவு எந்தத் தொட்டியில் போகும் என்பதிலேயே அந்த வாரம் ஓடிவிடும். அதை வீணான நேரமாக நினைக்காதீர்கள்.

ஆய்வகக் குறிப்பு நோட்டு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். செய்ததை அன்றே, தேதியோடு, பேனாவில், அடித்தாலும் படிக்கத் தெரியும்படி எழுதுங்கள். இதன் அருமை எனக்கு இரண்டாம் வாரம் புரிந்தது. பிசிஆர், அதாவது டிஎன்ஏ-வைப் பல மடங்கு நகலெடுக்கும் சோதனை, செய்யும்போது ஒரு குழாயில் டிஎன்ஏ-வுக்குப் பதில் வெறும் தண்ணீர் வைப்போம், அதில் எதுவும் தெரியக்கூடாது. நகலான டிஎன்ஏ-வைக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லில் பார்த்தால் தண்ணீர் வைத்த இடத்திலும் பளிச்சென்று ஒரு கோடு! எங்கோ கலப்படம். அப்படியென்றால் மற்ற குழாய்களில் வந்த 'நல்ல' முடிவுகளையும் நம்ப முடியாது. தண்ணீரை மாற்றினோம், நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டான பிரைமரை மாற்றினோம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் நான்கு நாள் போயிற்று. கடைசியில் ஒரு பிரைமர் குழாயில்தான் கோளாறு. என் நோட்டில் எந்தக் குழாயை என்றைக்குத் திறந்தோம் என்று இருந்ததால்தான், எந்தெந்த முடிவுகளைத் தூக்கிப்போட வேண்டும் என்று சொல்ல முடிந்தது.

அந்த நான்கு நாள்தான் நான் வகுப்புக்குக் கொண்டுவந்தது. முன்பெல்லாம் செய்முறை வகுப்பில் 'சரியான' அளவீடு வராத பிள்ளைகள் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவார்கள், நானும் கண்டுகொள்ளமாட்டேன். இப்போது வந்ததை வந்தபடி எழுதச் சொல்கிறேன், ஏன் அப்படி வந்தது என்று தேடுவதற்குத்தான் மதிப்பெண். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு 'தண்ணீர்க் குழாய்' எது என்று பிள்ளைகளே கேட்கிறார்கள்.

வீட்டுச் சூழலால் ஆறு வாரம் போக முடியாதவர்கள் தரவுகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியைப் பாருங்கள். நிடார்ப் என்ற அமெரிக்கத் திட்டத்தில் ஆசிரியர்கள் வானியலாளர் ஒருவரோடு சேர்ந்து, தொலைநோக்கிகள் முன்பே எடுத்துச் சேமித்த தரவுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள், பெரும்பகுதி வேலை தொலைவிலிருந்தே நடந்தது. இதே பாணியில் உங்கள் ஊர்ப் பேராசிரியரிடமும் கேட்கலாம்: அலசாமல் கிடக்கும் தரவு ஏதாவது இருக்கிறதா என்று. பல ஆய்வகங்களில் இருக்கும்.

தலைமையாசிரியர் இதனால் பள்ளிக்கு என்ன பயன் என்று கேட்டால் கையில் ஒரு பதில் இருக்கட்டும். கொலம்பியா திட்டத்தைப் பற்றி 2009-ல் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆசிரியர் திட்டத்தில் சேர்ந்து மூன்று, நான்கு வருடம் கழித்து அவருடைய மாணவர்கள் நியூயார்க் மாநில அறிவியல் தேர்வில் தேறிய விகிதம், சேராத ஆசிரியர்களின் மாணவர்களைவிட 10.1 சதவீதம் அதிகம். மூன்று, நான்கு வருடம் என்பதைக் கவனியுங்கள். அடுத்த பரீட்சையிலேயே மதிப்பெண் ஏறும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், ஆய்வகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் மூன்று விஷயம் கேட்டுவிட்டு வாருங்கள். ஒதுக்கி வைத்த பழைய கருவி ஏதாவது பள்ளிக்குக் கிடைக்குமா, உங்களுக்குக் கற்றுக்கொடுத்த அந்த மாணவர் ஒரு நாள் வகுப்புக்கு வருவாரா, அடுத்த கோடைக்கும் வரலாமா. இரண்டாம் தடவை போகும்போது பிப்பெட் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை, முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடலாம்.