மலிவு விலை பிளாஸ்டிக் மாடல் கிட்டின் தரத்தை ஒட்டுவதற்கு முன்பே கணிப்பது எப்படி?

ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் பிளாஸ்டிக் விமான மாடல்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நிலவுகிறது. விலை குறைந்தாலே குப்பைதான் என்பார்கள் சிலர். பெட்டியின் மேல் பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் நம்பி வாங்க முடியாது. கிட்டின் தரத்தைத் தீர்மானிப்பவை, அதை வார்த்த அச்சு எந்த ஆண்டில் வெட்டப்பட்டது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்னும் இரண்டும்தான். கூடவே, கண்ணில் படும் குறைகளில் எது அரை மணி நேர வேலையோடு முடிந்துவிடும், எது கடைசிவரை விடாமல் தொல்லை தரும் என்று பிரித்துப் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பதிவு முழுவதும் 1/72 அளவிலான ஸ்பிட்ஃபயர் மார்க் 1 என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஒட்டுவது, வண்ணம் பூசுவது பற்றிய அடிப்படைகளை இங்கே விளக்கப் போவதில்லை.

படி 1: வாங்கும் முன் அச்சின் வயதைத் தேடுங்கள்

ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் ஸ்பிட்ஃபயர் கிட்டை 1953இல் வெளியிட்டது. அதே விமானத்துக்கு 1979இல் ஓர் அச்சு வந்தது. 2010இல் முற்றிலும் புதிய அச்சு ஒன்று வந்தது. மூன்றும் ஒரே நிறுவனம், ஒரே விமானம், ஒரே அளவு. ஆனால் உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஒன்றோடொன்று தொடர்பே இல்லை. ஆகவே ‘ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர் நன்றாக இருக்குமா’ என்ற கேள்விக்கு, எந்த அச்சு என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆண்டு பெரும்பாலும் பெட்டிக்கு உரியதே தவிர அச்சுக்கு உரியது அன்று. பெட்டிப் படத்தையும் டீகாலையும் (நீரில் நனைத்து மாடலில் ஒட்டும் சின்னங்கள்) மாற்றிவிட்டு, நாற்பது ஐம்பது ஆண்டு பழைய அச்சிலிருந்தே வார்த்து விற்பது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். பழைய கள், புதிய மொந்தை. அச்சுகள் கைமாறுவதும் உண்டு. பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம் 1970களில் மூடப்பட்டபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குப் போய், நோவோ என்ற பெயரில் கிட்டுகளாக வெளிவந்தது. ஜெர்மானிய, ஜப்பானிய விமானங்களின் அச்சுகள் மட்டும் ரெவெல்லுக்குப் போயின. பின்னாளில் மேட்ச்பாக்ஸின் பழைய அச்சுகளும் ரெவெல்லின் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. கடையில் பளபளவென்று இருக்கும் ரெவெல் பெட்டிக்குள், அகழி வெட்டினாற்போன்ற தகட்டுக் கோடுகளோடு (விமானத்தின் உலோகத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டுபவை) ஒரு மேட்ச்பாக்ஸ் கிட் இருப்பது இப்படித்தான்.

மாடல் கிட்டுகளைப் பட்டியலிடும் ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் பெட்டியின் எண்ணைக் கொடுத்தால், அந்த அச்சு எந்த ஆண்டில் புதிதாக வெட்டப்பட்டது, இடையில் எந்தெந்தப் பெட்டிகளில் வந்தது என்பது கால வரிசைப்படி தெரியும். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்காதீர்கள். ஏர்ஃபிக்ஸ் தன் பழைய அச்சுகளை ‘விண்டேஜ் கிளாசிக்ஸ்’ என்று தனியே பெயரிட்டு விற்பது நேர்மையான வழக்கம்; மற்ற நிறுவனங்களும் அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும்.

எந்த நாட்டில் தயாரானது என்ற வரியை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ஒரு காலகட்டத்தில் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்றே இருந்தது. அந்த வரி பிளாஸ்டிக் வார்க்கப்பட்ட இடத்தைச் சொல்கிறதே ஒழிய, அச்சை வடிவமைத்தவர் யார், எவ்வளவு நுணுக்கமாக வெட்டினார் என்பதைச் சொல்வதில்லை.

படி 2: மேசையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

மில்லிமீட்டர் குறித்த இரும்பு அளவுகோல், சிறிய டார்ச், மாஸ்கிங் டேப், பாகங்களை வெட்டியெடுக்க நல்ல நிப்பர், 400, 600, 1000 எண் உப்புத்தாள். இவை போதும். நிப்பரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மின்சார வேலைக்கு வாங்கிய கட்டிங் பிளேயர் பாகத்தைக் கடித்துப் பிய்த்துவிடும், பிறகு அந்தக் குறை கிட்டினுடையதா கருவியினுடையதா என்று தெரியாமல் போகும். பூதக்கண்ணாடி வேண்டாம் என்பது என் கருத்து. அதன் வழியே பார்த்தால் உலகில் எந்தக் கிட்டும் தேறாது.

எதையும் வெட்டுவதற்கு முன், செய்முறைத் தாளில் வரைந்திருக்கும் சட்டங்களோடு (பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் கட்டங்கள்) பெட்டியில் இருப்பவற்றை ஒப்பிட்டு எண்ணிவிடுங்கள். ஒரு பாகத்தை வெட்டிய பிறகு எந்தக் கடைக்காரரும் கிட்டைத் திரும்ப வாங்க மாட்டார்.

படி 3: சட்டத்தில் இருக்கும்போதே பாருங்கள்

மேல்விளக்கின் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. அறையைச் சற்று இருட்டாக்கி, டார்ச்சைப் பாகத்துக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்தாற்போலப் பிடியுங்கள். மேடு பள்ளம் அனைத்தும் நிழலோடு எழுந்து தெரியும்.

முதலில் கண்ணில் படுவது பிசிறு. அச்சின் இரண்டு பாதிகளும் தேய்ந்து இறுக மூடாதபோது, இடுக்கு வழியே பிளாஸ்டிக் கசிந்து மெல்லிய தோலாக நிற்கும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் கத்தியின் முதுகால் இழுத்தால் போய்விடும். புதிதாக வருபவர்கள் இதைக் கண்டு மிரள்வதும், இதைவிட மோசமானவற்றைக் கவனிக்காமல் விடுவதும் வழக்கமாக இருக்கிறது.

அந்த மோசமானவற்றில் முதலாவது அச்சு விலகல். அச்சின் இரு பாதிகளும் நேருக்கு நேர் பொருந்தாமல் கொஞ்சம் நகர்ந்து மூடியிருந்தால், உருளையாக இருக்க வேண்டிய சக்கரத் தண்டு இரண்டு அரைவட்டங்களைத் தள்ளி ஒட்டியதுபோல் படிக்கட்டாக இருக்கும். இறங்கு சக்கரத் தண்டையும் உந்துவிசிறியின் இதழ்களையும் விரலால் உருட்டிப் பார்த்தால் உடனே தெரியும். படியைத் தேய்த்துச் சமன் செய்தால் தண்டு மெலிந்து ஒடியும். தேய்க்காமல் விட்டால் அருவருப்பாக நிற்கும்.

அடுத்தது உட்குழிவு. தடித்த இடங்களில் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கி மேற்பரப்பை உள்ளே இழுத்துவிடும். ஸ்பிட்ஃபயரில் இறக்கை உடற்பகுதியோடு சேரும் வேர்ப்பகுதி, வாலின் அடி, உடற்பகுதியில் பொருத்தும் முளைகளுக்கு நேர் மறுபுறம் ஆகிய இடங்களைப் பாருங்கள். வெறும் பரப்பில் இருந்தால் பட்டி வைத்து அடைக்கலாம். நுணுக்கமான கோடுகளின் நடுவே இருந்தால், அடைக்கும்போது கோடுகளும் போய்விடும்; அவற்றை மறுபடி கீறுவது தொடக்கநிலையினருக்கு ஏற்ற வேலை அன்று.

பிளாஸ்டிக் முழுதாக நிரம்பாமல் நுனி மழுங்கியிருக்கும் பாகங்களும் சில நேரம் வரும். வானொலிக் கம்பம், விமானியின் கை போன்ற மெல்லிய பாகங்களின் நுனிகளைப் பார்த்தால் போதும். பாகத்தை அச்சிலிருந்து வெளியே தள்ளும் ஊசிகள் விட்டுச்செல்லும் வட்டமான எஜெக்டர் பின் தடங்களைப் பொறுத்தவரை அவை எங்கே இருக்கின்றன என்பதே கேள்வி: இறக்கையின் உட்புறம் இருந்தால் மறந்துவிடலாம், திறந்திருக்கும் சக்கர அறையின் கூரையில் இருந்தால் வேலை காத்திருக்கிறது என்று பொருள்.

படி 4: அளவும் கோடுகளும்

ஸ்பிட்ஃபயர் மார்க் 1இன் இறக்கை அகலம் 11.23 மீட்டர், நீளம் 9.12 மீட்டர். 72ஆல் வகுத்தால் முறையே 156 மில்லிமீட்டரும் 127 மில்லிமீட்டரும் வரும். இரண்டு பக்கங்களிலும் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஐந்தாறு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால், பெட்டிக்குள் அடங்குவதற்காக அளவைக் கூட்டிக் குறைத்த மிகப் பழைய கிட்டாக இருக்கலாம்.

இறக்கையின் பின்விளிம்புதான் என்னைப் பொறுத்தவரை நம்பகமான சான்று. அங்கே 1 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், உண்மை விமானத்தில் அது 72 மில்லிமீட்டர், அதாவது நான்கு விரற்கடை தடிமனான விளிம்பு. கத்திபோல் மெலிந்து முடியும் ஸ்பிட்ஃபயரின் இறக்கைக்கு அது பெரிய அநீதி. தகட்டுக் கோடுகளுக்கும் இதே கணக்குதான்: 0.3 மில்லிமீட்டர் அகலக் கோடு உண்மையில் 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பள்ளமாகிவிடும். மேலெழுந்த கோடுகள் பழைய அச்சுக்கு அடையாளம் என்றாலும், மெல்லியதாக இருந்தால் அவற்றை நான் வெறுப்பதில்லை. வண்ணம் பூசிய பிறகு அகழிக் கோடுகளைவிட அவையே அடக்கமாகத் தெரியும்.

படி 5: கண்ணாடிப் பாகமும் டீகாலும்

விமானியறைக் கண்ணாடியை ஒரு செய்தித்தாளின் மேல் வைத்துக் கீழே இருக்கும் எழுத்தைப் படியுங்கள். எழுத்து கொஞ்சம் வளைந்தால் பரவாயில்லை. படிக்கவே முடியாமல் குழைந்தால் உள்ளே செய்யும் எந்த வேலையும் வெளியே தெரியாது. மேலோட்டமான கீறலை 2000 எண் உப்புத்தாளாலும் மெருகுப் பசையாலும் போக்கலாம். உள்ளே ஓடிய விரிசலுக்கு மருந்தில்லை.

டீகாலில் வட்டச் சின்னத்தின் சிவப்பு நடு வட்டம் மையத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாதபோது முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். அரை மில்லிமீட்டர் விலகினாலும் முடிந்த மாடலில் கண் அங்கேதான் போய் நிற்கும்.

படி 6: ஒட்டாமல் பொருத்திப் பார்த்தல்

எனக்கு நெடுநாள் பிடிபடாத படி இது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். உடற்பகுதியின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, இடைவெளி தெரிந்தால் கிட் மோசம் என்றும், தெரியாவிட்டால் நல்லது என்றும் முடிவு செய்வதே பலருடைய வழக்கம். இரண்டு முடிவுகளுமே தவறாகப் போகலாம். கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பாகத்தைச் சட்டத்தோடு இணைத்திருந்த காம்பின் மிச்சம். ஒட்டும் விளிம்பில் 0.2 மில்லிமீட்டர் காம்பு நின்றாலும் இரு பாதிகளும் நீளம் முழுவதும் விலகி நிற்கும். விளிம்பைத் தட்டையான பலகையில் ஒட்டிய 600 எண் உப்புத்தாளில் ஓரிரு முறை மென்மையாகத் தேய்த்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். மலிவு விலைக் கிட்டுகளில் பொருத்தும் முளைகள் துளைகளைவிடப் பருத்திருப்பதும் உண்டு. முளைகளை நுள்ளி எறிந்துவிட்டு விளிம்பைப் பார்த்தே பொருத்துவது என் வழக்கம். சந்தேகத்துக்குரிய கிட்டுகள் பாதி இந்த ஒரு செயலிலேயே நல்ல கிட்டுகளாகிவிடுகின்றன.

இரண்டாவது, வெற்று உடற்பகுதி அழகாக மூடிக்கொள்வதைக் கண்டு நிம்மதியடைவது. விமானியறையின் தளம், கருவிப் பலகை, தடுப்புச் சுவர் ஆகியவற்றை உள்ளே வைத்து மறுபடி மூடிப் பாருங்கள். அவை கால் மில்லிமீட்டர் அகலமாக இருந்தாலும் உடற்பகுதி விரிந்துகொள்ளும். மூக்கிலும், விமானியறைக்குப் பின்னாலும், வாலிலும் டேப்பால் கட்டி, உள்ளிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசியும் இடம் இடைவெளி. பிறகு நகத்தை ஒட்டுக்கோட்டின் குறுக்கே ஓட்டுங்கள். தடுக்கும் இடத்தில் ஒரு பாதி மற்றதைவிட உயர்ந்து படிபோல் நிற்கிறது. படியைப் பார்ப்பதில் கண்ணைவிட நகமே நேர்மையானது.

மூன்றாவது, இறக்கை. கீழ்ப்பகுதி ஒரே துண்டாகவும் மேற்பகுதி இரண்டாகவும் வருவது வழக்கம். மூன்றையும் டேப்பால் சேர்த்து உடற்பகுதியில் பொருத்தி, இரு நுனிகளும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளவுகோலால் அளந்துவிடுங்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை 6 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு சரியாக அமையும் நிலையில் வேர்ப்பகுதியில் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பதே உங்களுக்கு வேண்டிய விடை. சாதாரண அச்சுத்தாள் மட்டும் நுழைந்தால் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்மப் பசையே அதை நிரப்பிவிடும். விசிட்டிங் கார்டு நுழைந்தால் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். அப்போது பட்டியை எடுக்காதீர்கள். சட்டத்திலிருந்து ஒரு சிறு தண்டை வெட்டி, உடற்பகுதிக்குள் குறுக்கே முட்டுக்கொடுத்து அகலப்படுத்தினால் இடைவெளி தானாக மூடும். மூன்று நான்கு கார்டுகள் ஒன்றாக நுழைந்தால், அந்தக் கிட்டை வண்ணப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுவேன்.

பிற்சேர்க்கை

பழைய கிட்டில் டீகால் மஞ்சளாகிவிட்டது, தேறுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வெயில் படும் சன்னல் கண்ணாடியில் படம் வெளிப்பக்கம் பார்க்க ஒட்டிவைத்தால் ஓரிரு வாரங்களில் மஞ்சள் வெளுக்கும். பயன்படாத ஒரு சின்னத்தை வெட்டி முதலில் நீரில் போட்டுப் பாருங்கள். நொறுங்கினால், மீதித் தாள் முழுவதற்கும் கிளியர் வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்து உலரவிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

வளைந்த இறக்கையோடு வந்த கிட்டைத் திருப்பி அனுப்பலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வளைவைத் தரக்குறைவாகக் கருத வேண்டாம். வெயிலில் கிடந்த பார்சலிலும் அது நேரும். பாலிஸ்டைரின் 100 டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும் என்பதால் கொதிநீர் கூடாது. கொதித்து இறக்கி, ஓரளவு ஆறிய நீரில் பாகத்தைச் சில நொடிகள் அமிழ்த்தி, விரலால் நிமிர்த்திப் பிடித்தபடியே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். ஒரே முறையில் முழுதாக நிமிர்த்த முயலாமல் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். கண்ணாடிப் பாகத்துக்கு இதைச் செய்ய வேண்டாம். அது வளைவதற்கு முன் உடையும்.