டர்பனில் முதலாம் ஆண்டுக்கு அறை பிடிப்பது: ரெஸ், டிக்ஸ், ரூம்மேட்

படிப்புக்கு இடம் கிடைப்பது வேறு, படுக்க இடம் கிடைப்பது வேறு. மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) ரிசல்ட் வந்த கையோடு அறை தேடலாம் என்று இருந்தால், அதற்குள் நல்ல அறைகளெல்லாம் போய்விடும். ரிசல்ட் ஜனவரியில் வரும், வகுப்பு பிப்ரவரியில் தொடங்கும். நடுவில் இருக்கும் சில வாரங்களில் ஊரே அறை தேடும்.

இதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனையும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்), கேப்டவுன் போகிறவர்களுக்கும் லீஸ் (வாடகை ஒப்பந்தம்) பற்றிய பகுதி அப்படியே பொருந்தும்.

படி 1: செப்டம்பரிலேயே கேளுங்கள்

குவாசுலு-நட்டால் மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கு சிஏஓ என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பம். கடைசி நாள் வழக்கமாக செப்டம்பர் 30, அதாவது புரட்டாசி விரதத்தின் நடுவில். தாமதமானால் கட்டணம் கூடும்.

பலர் இடறி விழுவது இங்கேதான். படிப்புக்கு விண்ணப்பித்தால் ரெஸ்ஸுக்கும், அதாவது பல்கலைக்கழக விடுதிக்கும், விண்ணப்பித்த மாதிரி என்று நினைத்துவிடுகிறார்கள். படிவத்தில் ‘தங்குமிடம் தேவையா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்ததோடு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் மாணவர் தங்குமிடப் பக்கத்தைத் தனியாகத் திறந்து பாருங்கள். அங்கே வேறு படிவம், வேறு தேதி இருக்கலாம். நான்கு இடம் கேட்டிருந்தால் நான்கு பக்கத்தையும் பார்க்க வேண்டும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனில் விசாரித்தால் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

எந்த வளாகம் என்பதையும் கவனியுங்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து வளாகங்கள்: ஹோவர்ட் காலேஜ், வெஸ்ட்வில், பைன்டவுனில் எட்ஜ்வுட், மருத்துவப் பள்ளி, பீட்டர்மாரிட்ஸ்பர்க். உங்கள் பாடம் எட்ஜ்வுட்டில் இருந்து அறை ஹோவர்ட் காலேஜ் பக்கம் அமைந்தால் பாதி நாள் பயணத்திலேயே போகும். (வெஸ்ட்வில் வளாகம்தான் பழைய டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம். 2004-ல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வீட்டுப் பெரியவர்கள் இன்னும் ‘யூடிடபிள்யூ’ என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.)

ஜனவரியில் நேரில் போய் வரிசையில் நின்றால் நடக்கும் என்று தாத்தா சொன்னால், அது அந்தக் காலம். 2012 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழக வாசலில் நேரடி விண்ணப்பத்துக்குக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஒரு மாணவரின் தாய் இறந்துபோனார். இப்போது எல்லாம் ஆன்லைன்தான்.

படி 2: தாள்கள்

அடையாள அட்டை நகல், பெற்றோரின் அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு அல்லது வேலையில்லை என்ற அஃபிடவிட், வீட்டு முகவரிச் சான்று. நகல்களுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாக முத்திரை போட்டுத் தருவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். அதனால் ஜூனில் போட்டுவிட்டு ஜனவரியில் நீட்டாதீர்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ரேண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸுக்கு (அரசின் மாணவர் நிதியுதவித் திட்டம்) விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளி மாணவருக்கு வரம்பு 600,000. தங்குமிடத்துக்கு அவர்கள் கொடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு, அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். தனியார் இடமென்றால் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் ‘நாங்கள் அக்ரெடிட்டட்’ என்று வாயால் சொன்னால் போதாது, பல்கலைக்கழகத் தங்குமிட அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே கையெழுத்து. பணம் தாமதமாக வருவதும் உண்டு. முதல் இரண்டு மாத வாடகையை எப்படிச் சமாளிப்பது என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

படி 3: ரெஸ்ஸா, டிக்ஸா

முதலாம் ஆண்டுக்கு ரெஸ்தான் என் ஓட்டு. இன்டர்நெட், காவல், வளாக பஸ் எல்லாம் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும், லீஸ் சண்டையும் இல்லை. டிக்ஸ், அதாவது நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வீடு, இரண்டாம் ஆண்டுக்கு நல்லது. அதற்குள் யாரோடு இருக்க முடியும் என்று தெரிந்திருக்கும்.

ரெஸ் கிடைக்கவில்லையென்றால் வெஸ்ட்வில் வளாகத்துக்கு ரிசர்வாயர் ஹில்ஸில் தேடுங்கள். நம் வீடுகளின் பின்னால் கட்டிய அவுட்பில்டிங் அறைகள் அங்கே நிறைய. ஹோவர்ட் காலேஜுக்கு க்ளென்வுட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்துக்கு ஸ்காட்ஸ்வில். டர்பன் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சித்தி வீடு இருக்கிறதே என்றால், காலை டாக்ஸியில் (பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) ஒரு முறை போய்ப் பாருங்கள். வரைபடத்தில் தெரியும் தூரமும் காலை ஏழு மணிக்கு ஆகும் நேரமும் ஒன்றல்ல.

விளம்பரம் பார்த்துப் பணம் அனுப்புகிறவர்களுக்கு: அந்த ஏரியா வாடகையைவிட ரொம்பக் குறைவு, ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன்’, ‘அறையைப் பிடித்துவைக்க இன்றே கொஞ்சம் போடுங்கள்’ — இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். உள்ளே போய்ப் பார்க்காமல் ஒரு ரேண்ட் கூடக் கூடாது. வீட்டுக்காரரிடம் எத்தெக்வினி (டர்பன்) நகராட்சி பில்லைக் கேளுங்கள். அதில் உள்ள பெயரும் அவர் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். உண்மையான வீட்டுக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

படி 4: லீஸ். இங்கே நிதானம்

லீஸில் ஒரு வரி இருக்கும்: குடியிருப்போர் அனைவரும் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு. சாதாரண வரி மாதிரித் தெரியும். அதன் கணக்கு இது. நாலு பேர், மொத்த வாடகை 16,000 ரேண்ட், ஆளுக்கு 4,000. ஏப்ரலில் ஒருவர் படிப்பை விட்டுப் போய்விடுகிறார். வீட்டுக்காரருக்கு வர வேண்டியது அப்போதும் 16,000தான். குறையும் 4,000-ஐ மீதி மூன்று பேரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுதாகக் கேட்கலாம். அந்த மூவரில் நீங்களும் ஒருவராக இருந்து, உங்கள் அப்பா ஷுரிட்டி (ஜாமீன்) போட்டிருந்தால் முதல் போன் அவருக்குத்தான் வரும். ஓடிப்போனவர் உங்கள் உயிர் நண்பரா என்று சட்டம் கேட்காது.

அதனால் அறைக்கு ஒரு லீஸ் கேளுங்கள். ஒவ்வொருவரும் தம் அறைக்கு மட்டும் கையெழுத்துப் போடுவது. வாடகை கொஞ்சம் கூடினாலும் இதையே எடுங்கள். தர மாட்டேன் என்றால், அப்பா போடும் ஷுரிட்டியில் ‘என் பிள்ளையின் பங்கான 4,000 வரை மட்டும்’ என்று எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர் தனியாகக் கையெழுத்துப் போட முடியாது, பெற்றோர் வர வேண்டும்.

நடுவில் விலக வேண்டி வந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து விலகலாம். நியாயமான அபராதம் பிடிப்பார்கள். ஆனால் வாடகையைத் தொழிலாக நடத்துகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும். பின்கட்டில் ஒரே ஓர் அறை விடும் ஆன்ட்டியிடம் இதை நம்பாதீர்கள், லீஸிலேயே எழுதி வாங்குங்கள்.

படி 5: சாவி வாங்கும் நாள்

வாடகை வீட்டுச் சட்டப்படி குடிபுகும் முன் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட வேண்டும். டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போட வேண்டும், கொடுக்கும் பணத்துக்கு ரசீது தர வேண்டும்.

பார்வையிடும்போது அலமாரிக் கதவைத் திறந்து மூக்கை உள்ளே விடுங்கள். பிப்ரவரி டர்பன் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்த அலமாரி ஈரத்துணி வாடை அடிக்கும், பெயின்ட் அடித்தாலும் மறையாது. கூரையில் பழுப்பு வளையம் இருந்தால் மழை ஒழுகுகிறது என்று அர்த்தம். வெந்நீர்க் குழாயை மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். சன்னல் கொக்கிகள், பர்க்ளர் கார்டு (சன்னல் கம்பித் தடுப்பு), சாவிகளின் எண்ணிக்கை, பிரீபெய்ட் மின்மீட்டரின் எண், எல்லாவற்றையும் படமெடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு ஈமெயிலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதாதா என்றால், போன் தொலைந்தால் அதுவும் போய்விடும்.

பழைய கட்டடங்களில் மூன்று உருண்டைக் கால் சாக்கெட்தான் இருக்கும். அடாப்டர் இரண்டு வாங்குங்கள், ஒன்றின் மேல் ஒன்று செருகாதீர்கள்.

படி 6: ரூம்மேட்

நல்ல நண்பர் நல்ல ரூம்மேட் என்று கட்டாயம் இல்லை. கேட்க வேண்டியது தூங்கும் நேரம், இரவு விருந்தினர், பாத்திரம், பணம். நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லத் தயங்குவது சாப்பாட்டைப் பற்றி. மாட்டிறைச்சி சமைத்த சட்டியில் சமைக்க முடியாது என்றால், புரட்டாசியில் அசைவம் கிடையாது என்றால், முதல் வாரமே சொல்லுங்கள். ஆயா (பாட்டி) கொடுத்தனுப்பும் ஒரு சட்டி, ஒரு கரண்டி தனியாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஃபிரிட்ஜில் ஒரு தட்டு உங்களுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்துக்குத் தீர்ந்தபின் காசு சேர்ப்பது எப்போதும் சண்டையில்தான் முடியும். மாதம் ஒன்றாம் தேதி எல்லோரும் சம தொகை ஒருவரிடம் கொடுக்க, அவர் பிரீபெய்ட் மின்சாரம் வாங்கி, மீட்டரில் அடிக்க வேண்டிய 20 இலக்க டோக்கனை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். கீஸரை நாள் முழுக்க ஓடவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது.

பிறகு சேர்த்தது

விளக்கேற்றலாமா என்று பலர் கேட்டார்கள். பெரும்பாலான ரெஸ் விதிகளில் மெழுகுவத்தி, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் அறைக்குள் கூடாது. புகை பட்டால் அலாரம் அடித்து ஒரு மாடியே வெளியே நிற்கும். பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசக் காவடி சில ஆண்டுகளில் குடிபுகும் வாரத்திலேயே வரும். விரதமிருப்பவர்கள் சாவி வாங்கும் நாளை முன்கூட்டியே மாற்றிக் கேளுங்கள்.

டெபாசிட் எப்போது திரும்பும் என்பது இன்னொரு கேள்வி. லீஸ் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மறுபடி சேர்ந்து பார்வையிட வேண்டும். பாக்கி எதுவும் இல்லையென்றால் முடிந்த ஏழு நாளுக்குள் வட்டியோடு தர வேண்டும். பழுதுக்குப் பிடிக்க வேண்டியிருந்தால், மீதியை நீங்கள் வீட்டை ஒப்படைத்த பதினான்கு நாளுக்குள். நீங்கள் பார்வையிட வராமல் ஊருக்குப் போய்விட்டால் இருபத்தொரு நாள். பரீட்சை முடிந்த அன்றே பஸ் ஏறுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். தராவிட்டால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. முதல் நாள் அனுப்பிய அந்த ஈமெயிலை அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.