அடிபட்டவராக நடிக்கப் போகிறீர்களா?

முதலுதவிப் பயிற்சிக்கோ மாக் டிரில்லுக்கோ 'அடிபட்டவர்' வேண்டும் என்று கேட்டால், சும்மா படுத்துக் கிடக்கும் வேலைதானே என்று நினைத்துத்தான் பலரும் கை தூக்குகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். என் கையில் கொடுத்த சீட்டில் 'வலது காறை எலும்பு முறிவு' என்று இருந்தது, அதாவது கழுத்துக்குக் கீழே தோள் வரை போகும் எலும்பு. நான் போட்ட கூச்சலில் பயிற்சிக்கு வந்த அத்தனை பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முடிந்ததும் பயிற்சியாளர் தனியாக அழைத்துச் சொன்னார்: "காறை எலும்பு உடைஞ்சவர் இப்படி உருண்டு புரள மாட்டார் தம்பி. அந்தப் பக்கத்து முழங்கையை இன்னொரு கையால தாங்கிக்கிட்டு, தலையை அடிபட்ட பக்கமா சாய்ச்சு, அசையப் பயந்து உட்கார்ந்திருப்பார்."

மிகை நடிப்புதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு, அதை நல்ல மனசுக்காரர்கள்தான் செய்வார்கள்: பயிற்சி பெறுபவருக்கு நம்மை அறியாமலே உதவிவிடுவது. மயங்கியவராகக் கிடக்கிறீர்கள். கட்டுப் போட உங்கள் கையைத் தூக்குகிறார்கள். அவர்கள் விட்ட பிறகும் கை அந்தரத்தில் அப்படியே நிற்கிறது! பக்கவாட்டில் புரட்டும்போது நீங்களே காலை மடக்கிக் கொடுக்கிறீர்கள். நினைவில்லாத உடம்பு எவ்வளவு கனம் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். உடம்பை முழுதாக விட்டுவிடுங்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது மட்டும் விழுந்துவிடுவோமோ என்று பயந்து தூக்குபவரின் சட்டையைப் பிடிக்காதீர்கள், அவரும் சேர்ந்து தடுமாறுவார்.

நோயை நாமே சொல்லிவிடுவதும் உதவிதான். சர்க்கரை குறைந்தவராக நடிக்கும்போது "எனக்கு லோ சுகர்" என்று அறிவித்தால் அவர் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? கை நடுங்கட்டும், பேச்சு குழறட்டும், காரணமில்லாமல் எரிந்து விழுங்கள். சுகர் மாத்திரை அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும், தேடினால் கிடைக்கும். அவர் செய்வதற்கு ஏற்ப நீங்கள் மாறவும் வேண்டும். உடைந்த கையை ஒழுங்காகத் தாங்கிப் பிடித்தால் முனகல் குறைய வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் அப்போது கத்தலாம். 1942இல், போர்க்கால இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், இடிபாடுகளிலிருந்து ஆட்களை மீட்கும் பயிற்சிக்காக எரிக் கிளாக்ஸ்டன் என்பவர் தொடங்கிய 'கேஷுவால்டீஸ் யூனியன்' என்ற அமைப்பு இதை ஒரு கலையாகவே வளர்த்தது. காயத்தை வரைவது அதில் பாதிதான். காயம்பட்டவராக நடந்துகொள்வது மீதிப் பாதி.

ஆஸ்துமா நோயாளியாக நடிப்பவர்கள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் நிஜமாகவே தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மரத்துப் போகும். முன்னால் குனிந்து முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் இரண்டிரண்டு வார்த்தையாகப் பேசினாலே போதும்.

இனி, நடிப்பு என்றாலும் அனுமதிக்கக் கூடாதவை. நெஞ்சை அழுத்தும் சிபிஆர் உயிருள்ள, நலமாக இருக்கும் ஆளின் மேல் கூடவே கூடாது. குறைந்தது 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்பது விலா எலும்பை உடைக்கக்கூடிய வேகம். அதற்குத்தான் பொம்மை இருக்கிறது. தொண்டை அடைப்புக்கு வயிற்றில் குத்தி அழுத்துவதும் அப்படியே. கையை எங்கே வைப்பது என்று காட்டுவதோடு சரி. ரத்தத்தை நிறுத்தும் டூர்னிகேயை முறுக்க விடாதீர்கள். மாத்திரையோ தண்ணீரோ கொடுத்தால் விழுங்குவதுபோல் பாவனை மட்டும்.

முதுகுவலி, கர்ப்பம், நிஜமான ஆஸ்துமா, பிளாஸ்டர் ஒட்டினால் வரும் அரிப்பு, எதையும் மறைக்காதீர்கள். யார் தொடலாம், எங்கே தொடக் கூடாது என்பதையும், முக்கியமாகப் பெண்கள், முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பயிற்சியை நிறுத்த ஒரு சொல்லும் பேசி வைத்திருக்க வேண்டும். "நிஜமாவே வலிக்குது" என்பது உதவாது, அதை நடிப்பிலேயே பத்துத் தடவை சொல்லியிருப்பீர்கள். பிரிட்டிஷ் ராணுவத்தினர் 'நோ டஃப்' என்பார்கள். நாம் 'மாம்பழம்' என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

பழைய உடுப்பில் போங்கள், கத்தரி போட்டுவிடுவார்கள். சர்க்கரைப் பாகில் கலந்த போலி ரத்தத்தோடு தரையில் அரை மணி நேரம் கிடந்தால் எறும்பு வரும், அனுபவம். மே மாதத்துத் தார் ரோட்டில் கீழே எதுவும் விரிக்காமல் படுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், இல்லையென்றால் தீக்காயம் நிஜமாகிவிடும். அப்புறம், கழுவாமல் டீக்கடைக்குப் போகாதீர்கள். யாராவது 108-ஐ அழைத்துவிடுவார்கள்.

முடிந்த கையோடு கிளம்பிவிடவும் வேண்டாம். யார் பெயர் கேட்டார்கள், யார் தொடும் முன் சொல்லிவிட்டுத் தொட்டார்கள், யார் கை நடுங்கியது என்பதெல்லாம் தூரத்தில் நின்று குறிப்பெடுக்கும் பயிற்சியாளருக்குத் தெரியாது. எனது அந்த முதல் நாளில், எனக்குப் பக்கத்தில் மயங்கியவராகக் கிடந்த அக்காவிடம் கடைசியாகத்தான் கேட்டார்கள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "என்கிட்ட யாருமே வரலை. மூணு பேர் என்னைத் தாண்டித்தான் இந்தத் தம்பிகிட்ட ஓடினாங்க."