வினையூக்கி பற்றி எழுதும்போது ‘ஈடுபடாமல்’ என்ற சொல்லை முதலில் விடுங்கள்

வினையூக்கி என்றால் என்ன என்று கேட்டதும் வழக்கமாக வரும் பதில், “வினையில் ஈடுபடாமல் வேகத்தை மட்டும் கூட்டும் பொருள்.” இந்த ‘ஈடுபடாமல்’ தவறு, பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒதுங்கி நிற்கும் பொருள் எப்படி வேகத்தைக் கூட்டும்? கந்தக அமிலத் தயாரிப்பில் வனேடியம் பென்டாக்சைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கந்தக டைஆக்சைடுக்குக் கொடுத்து அதை டிரைஆக்சைடு ஆக்குகிறது, அப்புறம் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஈடுபடுகிறது, ஆனால் தீர்ந்துபோவதில்லை. அப்படி எழுதுங்கள்.

அடுத்தது, வினையூக்கி மூலக்கூறுகளுக்கு ஆற்றல் கொடுக்கிறது என்பது. இல்லை, அது சூடுபடுத்தினால் நடப்பது. ஹைட்ரஜன் பெராக்சைடு தானாகச் சிதைய மோலுக்கு ஏறத்தாழ 75 கிலோஜூல் கிளர்வு ஆற்றல் (வினை நடக்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய தடை) வேண்டும், அதனால்தான் பாட்டிலில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. அதையே காயத்தில் ஊற்றியதும் நுரைத்துப் பொங்குகிறதே, இரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் நொதி குறைந்த ஆற்றலே தேவைப்படும் வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது. பழைய வழியின் தடை அப்படியேதான் இருக்கிறது, மூலக்கூறுகள் அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான். வினையில் வெளிப்படும் மொத்த வெப்பமும் மாறாது.

மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழக்கும் இடம் ஒன்று உண்டு: வினையூக்கி சேர்த்தால் விளைபொருள் கூடும் என்று எழுதிவிடுவார்கள். மீள்வினையில், அதாவது இரு திசையிலும் நடக்கும் வினையில், அது முன்னோக்கிய வேகத்தையும் பின்னோக்கிய வேகத்தையும் ஒரே மடங்கு கூட்டுகிறது, எனவே இரண்டு வேகமும் சமமாகும் சமநிலை சீக்கிரம் வருமே தவிர அதன் இடம், அதாவது அப்போது இருக்கும் விளைபொருளின் அளவு, மாறாது. அப்படியென்றால் ஹேபர் முறையில் அம்மோனியா தயாரிக்க இரும்பை வினையூக்கியாகச் சேர்ப்பது எதற்கு என்று கேட்பீர்கள், நல்ல கேள்வி. 300 வளிமண்டல அழுத்தத்தில், ஒன்றுக்கு மூன்று விகிதத்தில் கலந்த நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சமநிலைக்கு வரும்போது 400 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 47 சதவீதம் அம்மோனியா இருக்கும், 500 டிகிரியில் ஏறத்தாழ 26 தான். குளிரக் குளிர லாபம், ஆனால் வினை ஊர்ந்து போகும். இரும்பு அந்தக் குறைந்த வெப்பநிலையிலேயே வேலை நடக்கும்படி செய்கிறது. கூடுதல் அம்மோனியா வந்தது வெப்பநிலை குறைந்ததால், இரும்பு அதற்கு இடம் கொடுத்தது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் போதும்.

தீர்ந்துபோகாது என்றால் என்றைக்கும் உழைக்கும் என்றும் நினைக்காதீர்கள். காரின் புகைப்போக்கியில் உள்ள வினையூக்கி மாற்றியில் பிளாட்டினம் போன்ற உலோகங்கள் இருக்கின்றன, பெட்ரோலில் ஈயம் இருந்தால் அது அந்த மேற்பரப்பில் படிந்து உலோகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இந்த மாற்றியைக் கட்டாயமாக்கியபோது ஈயமில்லாப் பெட்ரோலையும் கூடவே கொண்டுவர வேண்டியிருந்தது அதனால்தான்.